"மைல்ட் பி.ஏ.ஹெச்." - ஒரு வரியில் எழுதப்படும் தீர்ப்பு

மூச்சு வாங்குகிறது என்று ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் வருகிறார். எக்கோ எடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. எல்லாம் நார்மல், எல்.வி. ஃபங்ஷன் நார்மல், கடைசி வரியில் மட்டும் "மைல்ட் பி.ஏ.ஹெச்."

அவ்வளவுதான். அந்தக் கடைசி வரி அன்றிலிருந்து அவரோடு ஊர் சுற்றும். அடுத்த டாக்டர் அதைப் படித்துவிட்டு சில்டெனாஃபில் எழுதுவார். பல் பிடுங்கப் போனால் பல் டாக்டர் பயப்படுவார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர் "கார்டியாலஜி ஒப்பீனியன் வாங்கிட்டு வாங்க" என்பார். கூகுளில் தேடும் மகன், இது உயிர்கொல்லி நோய் என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்க மாட்டான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தியாவில் எக்கோ மெஷின் இருக்கும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இதில் கூத்து என்னவென்றால், அந்த வரியில் இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்றைக்கூட எக்கோவால் சொல்ல முடியாது. "பி.ஏ.ஹெச்." என்பதும் முடியாது, "மைல்ட்" என்பதும் முடியாது!

முதலில் பெயர்க் குழப்பம்

நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருந்தால் அதற்குப் பொதுப் பெயர் நுரையீரல் உயர் அழுத்தம். பி.ஹெச். என்பது இதுதான். ஏன் கூடியது என்பதை வைத்து அதை ஐந்து குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். நுரையீரலின் சின்னத் தமனிகளே சுருங்கித் தடித்துப் போவது முதல் குழு. அதற்கு மட்டும்தான் பி.ஏ.ஹெச். என்று பெயர். இரண்டாவது குழு இடது பக்க இதயக் கோளாறால் வருவது (ஈரிதழ் வால்வு சுருக்கம், விறைத்துப்போன இடது கீழறை போன்றவை). மூன்றாவது நுரையீரல் நோய்கள். நான்காவது, கரையாமல் தங்கிவிட்ட ரத்தக் கட்டிகள். ஐந்தாவது, பல காரணங்கள் கலந்தவை.

இவற்றில் உலகம் முழுக்க அதிகம் பேருக்கு இருப்பது இரண்டாவது குழு. முதல் குழு மிக அபூர்வம். ஆக "மைல்ட் பி.ஏ.ஹெச்." என்று எழுதும் கை, மிக அபூர்வமான நோயின் பெயரை, காரணம் என்னவென்றே தேடாமல், வருகிறவர் போகிறவர் எல்லோர் தலையிலும் எழுதிக்கொண்டிருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மருந்து இருக்கிறது! சில்டெனாஃபில் முதல் குழுவுக்கு நல்ல மருந்து. அதையே இடது இதயக் கோளாறுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான ரிலாக்ஸ் ஆய்வில், ஈ.எஃப். நன்றாக இருந்தும் இதயம் செயலிழந்தவர்களுக்கு அதனால் பலன் எதுவும் இல்லை. ஸ்பெயினில் நடந்த சியோவாக் ஆய்வு இன்னும் மோசம். வால்வு சரிசெய்த பிறகும் நுரையீரல் அழுத்தம் குறையாதவர்களுக்கு சில்டெனாஃபில் கொடுத்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள்தான் அதிகம் மோசமானார்கள். ஒரு எழுத்து கூடப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பதில்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

நுரையீரல் உயர் அழுத்தம் என்பதற்கு வரையறை ஒன்று உண்டு. ஓய்வில் இருக்கும்போது, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருக்க வேண்டும். 1973-இல் ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்திலிருந்து பல வருடம் 25 என்ற எல்லைதான் இருந்தது. 2018-இல் நீஸ் நகரில் கூடிய உலக மாநாடு அதை 20 ஆகக் குறைக்கச் சொன்னது. 2022-இல் ஐரோப்பிய வழிகாட்டி நெறிகளும் ஏற்றுக்கொண்டன. 25 ஆனாலும் 20 ஆனாலும், அளக்க வேண்டியது கத்தீட்டர் வைத்து. சிரை வழியாகக் குழாயை வலது இதயத்துக்குள் செலுத்தி, நேரடியாக அளப்பது.

எக்கோ அழுத்தத்தை அளப்பதில்லை. வேகத்தை அளக்கிறது. வலது கீழறை சுருங்கும்போது மூவிதழ் வால்வு வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும். அது எவ்வளவு வேகத்தில் பீய்ச்சியடிக்கிறது என்று டாப்ளர் சொல்லும். பெர்னூலி சமன்பாட்டைச் சுருக்கி, வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் கீழறைக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். அதோடு வலது மேலறையின் அழுத்தத்தைக் கூட்டினால் நுரையீரல் தமனியின் சிஸ்டாலிக் அழுத்தம். 1984-இல் யாக், பாப் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட வழி இது. அற்புதமான வழி, அதில் சந்தேகமே இல்லை. கத்தியில்லாமல், ரத்தமில்லாமல், நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை ஊகிப்பது சின்ன விஷயமா?

ஆனால் ஊகம் என்பதை மறந்துவிட்டார்கள். அதுதான் வழக்கே.

ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

1. வேகத்தை வர்க்கப்படுத்துகிறோம் என்றால் பிழையும் பெருகுகிறது. 3.0 மீட்டர் என்றால் 36. அதையே 3.3 என்று அளந்தால் 44. வேகத்தில் 10 சதவீதப் பிழை, அழுத்தத்தில் 21 சதவீதப் பிழை.

2. டாப்ளர் கதிர் ரத்தம் பாயும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்தால் போதும். 4 மீட்டர் வேகம் 3.46 என்று காட்டும். 64 என்று வர வேண்டியது 48 ஆகிவிடும். ஒரே ஜன்னலில் பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

3. சிக்னல் மங்கலாக இருந்தால் ஓரத்தில் மயிர் மயிராகத் தெரியும். அதன் நுனி வரை இழுத்து அளந்தால் வேகம் கூடுதலாக வரும். தாடையை அளக்க வேண்டும், தாடியை அளக்கக் கூடாது!

4. மேலறை அழுத்தம் இன்னொரு ஊகம். கீழ்ப் பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்குள் இருந்து, மூச்சை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3 என்று வைத்துக்கொள்கிறார்கள். அகலமாகவும் சுருங்காமலும் இருந்தால் 15. நடுவில் இருந்தால் 8. இதைக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் 10 என்று கூட்டுகிற பழக்கமும் உண்டு. 36 என்ற அதே வித்தியாசம் ஒருவர் கையில் 39, இன்னொருவர் கையில் 51. நோயாளி ஒருவர்தான்.

5. நுரையீரல் வால்வுக்குக் கீழே அடைப்பு இருந்தால் கணக்கே தலைகீழ். ஃபாலட் நால்நோய் உள்ள குழந்தைக்கு வலது கீழறையில் அழுத்தம் மிக அதிகம், நுரையீரல் தமனியிலோ குறைவு. சூத்திரத்தை மட்டும் நம்பினால் அந்தக் குழந்தைக்கு "சிவியர்" என்று வரும்.

6. மூவிதழ் வால்வு மூடவே முடியாத அளவுக்குக் கசிந்தால், இரண்டு அறைகளும் ஒன்றாகிவிட்ட மாதிரி. அப்போது வேகம் குறைந்து, அழுத்தமும் குறைவு என்று தோன்றும்.

7. கசிவே தெரியாவிட்டால்? "நோ பி.ஏ.ஹெச்." என்று எழுதிவிடுகிறார்கள். அளக்க முடியவில்லை என்பதும் அழுத்தம் இல்லை என்பதும் ஒன்றா? தெர்மாமீட்டர் உடைந்துபோனால் காய்ச்சல் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இத்தனை ஓட்டைகளோடு வரும் எண்ணுக்கு "மைல்ட்" என்று பட்டம் கட்ட, எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைகள்கூட இல்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு அட்டவணை.

"சராசரியில் சரியாகத்தானே வருகிறது?"

இது எதிர்த்தரப்பின் நல்ல வாதம். பதில் சொல்லியாக வேண்டும்.

2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 65 நோயாளிகளுக்கு எக்கோவும் கத்தீட்டரும் ஒரு மணி நேர இடைவெளிக்குள் எடுத்து ஒப்பிட்டார்கள். சராசரி வித்தியாசம் 1 மி.மீ.கூட இல்லை. பார்த்தால் பிரமாதம்! ஆனால் தனித்தனியாகப் பார்த்தால், 48 சதவீதம் பேருக்கு 10 மி.மீ.க்கு மேல் தவறு. ஒருவருக்கு மேலே, இன்னொருவருக்குக் கீழே. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்.

ஆற்றின் சராசரி ஆழம் நாலடி என்று கணக்குப் போட்டு, குடும்பத்தோடு இறங்கி மூழ்கிய கணக்குப் புலியின் கதை எல்லோருக்கும் தெரியும். நோயாளி சராசரியாக வருவதில்லை. ஒருவராக வருகிறார்.

இந்த ஒருவர் கர்ப்பிணியாக இருந்தால் என்ன ஆகும்? உண்மையான பி.ஏ.ஹெச். உள்ள பெண்ணுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. கருவைத் தொடராமல் இருப்பது பற்றிப் பேசியே ஆக வேண்டிய நோய். அதே சமயம் கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் இயல்பாகவே கூடுகிறது. கர்ப்பிணிகளிடம் எக்கோவையும் கத்தீட்டரையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆய்வு, எக்கோ அழுத்தத்தைக் கூடுதலாகக் காட்டுகிறது என்றது. கத்தீட்டரில் நார்மலாக இருந்தவர்கள் சிலருக்கே எக்கோ நோய்ப் பட்டம் கொடுத்திருந்தது. ஒரு மங்கலான சிக்னலின் தாடியை அளந்ததற்காக ஒரு குடும்பம் எந்த முடிவின் முன்னால் போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறந்துபோன அறை

சரி, அழுத்தத்தை விடலாம். இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் வலது கீழறையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? அதிகம் போனால் "ஆர்.வி. நார்மல்" என்று இரண்டு சொல்.

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1943-இல் ஐசக் ஸ்டாரும் அவர் கூட்டாளிகளும் நாய்களின் வலது கீழறைச் சுவரைச் சூட்டால் கருக்கிப் பார்த்தார்கள். சிரைகளில் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. அப்படியானால் வலது கீழறை வெறும் வழிப்பாதை, அது இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்ற எண்ணம் மருத்துவ உலகில் பல காலம் தங்கிவிட்டது. ஒன்றை மறந்தார்கள். அந்த நாய்களின் நுரையீரல் அழுத்தம் நார்மல்! மேட்டில் ஏறாத வண்டிக்கு எஞ்சின் எப்படி இருந்தால் என்ன? மேடு வந்தால்தான் தெரியும்.

நுரையீரல் உயர் அழுத்தம் உள்ளவர் சாவது பெரும்பாலும் அழுத்தத்தால் நேரடியாக இல்லை. அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி, வலது கீழறை களைத்து விழுவதால். அது மெல்லிய சுவர் கொண்ட அறை. இடது கீழறையைப் பிறை மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அளவான ரத்தத்தைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளப் பிறந்தது.

இதில்தான் அந்த எண்ணின் உச்சகட்டத் துரோகம். கீழறை தோற்கத் தொடங்கினால் அதனால் அழுத்தத்தை உண்டாக்கவும் முடியாது. போன வருடம் 80 இருந்தது இந்த வருடம் 55 என்றால், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். நோய் குறைந்திருக்கலாம். கீழறை சாகத் தொடங்கியும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. திடீரென்று நுரையீரலில் பெரிய ரத்தக் கட்டி அடைக்கும்போதும் இதே கதை. பழக்கமில்லாத வலது கீழறையால் உடனே பெரிய அழுத்தம் கொடுக்க முடியாது. எண் சாதாரணமாக இருக்கும், ஆள் சரிந்துகொண்டிருப்பார்.

வலது கீழறையைப் பார்ப்பது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? அந்த அறை பெரும்பாலும் அடியிலிருந்து நுனியை நோக்கி நீளவாக்கில் சுருங்குகிறது. மூவிதழ் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று எம்-மோடில் ஒரு கோடு போட்டு அளப்பதுதான் டாப்ஸி. 17 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சரியில்லை. அதே இடத்தில் திசு டாப்ளர் வைத்தால் கிடைக்கும் வேகம் நொடிக்கு 9.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சரியில்லை. அறையின் பரப்பு சுருங்கும்போது 35 சதவீதமாவது குறைய வேண்டும். இவை எல்லாம் புதிய மெஷின் கேட்பவை இல்லை.

இதற்கு மதிப்பு இருக்கிறதா? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் பி.ஏ.ஹெச். நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். டாப்ஸி 18 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்களில் இரண்டு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 88 சதவீதம். அதற்குக் கீழே இருந்தவர்களில் 50 சதவீதம். ஒரு கோட்டில் இவ்வளவு செய்தி இருக்கிறது, அந்தக் கோட்டைப் போடத்தான் ஆள் இல்லை.

டாப்ஸியும் கடவுள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதய ஆபரேஷன் ஆனவர்களுக்கு, கீழறை நன்றாக இருந்தாலும் அது குறைந்துவிடும். வால்வு கடுமையாகக் கசிந்தால் உண்மையைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டும். அதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். டாப்ஸியை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது இன்னும் அழகு. சுமை எவ்வளவு, அந்தச் சுமைக்கு வண்டி எவ்வளவு நகர்கிறது என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லும். அந்த விகிதம் 0.55-க்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று 2022 வழிகாட்டி நெறிகளே சேர்த்துக்கொண்டன.

"எல்லோருக்கும் கத்தீட்டர் போட முடியுமா?"

முடியாது. போடவும் கூடாது. வழிகாட்டி நெறிகளும் அப்படிச் சொல்லவில்லை. எக்கோவின் வேலை தீர்ப்பு எழுதுவது கிடையாது, யாரைக் கத்தீட்டருக்கு அனுப்புவது என்று பிரித்துக் கொடுப்பது. அதற்காக 2022 ஐரோப்பிய நெறிகள் அழுத்த எண்ணையே பின்னுக்குத் தள்ளிவிட்டு, கசிவின் வேகத்தை அப்படியே எழுதச் சொல்கின்றன. 2.8 வரை இருந்து வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் வாய்ப்பு குறைவு. 3.4-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். இடையில் இருந்தாலோ அளக்கவே முடியாவிட்டாலோ, மற்ற அறிகுறிகள் பேச வேண்டும். வலது கீழறை இடதைவிடப் பெரிதா, நடுச்சுவர் தட்டையாகிறதா, நுரையீரல் தமனியில் ரத்தம் உச்ச வேகத்தை எட்ட 105 மில்லிசெகண்டுக்குக் குறைவாக எடுக்கிறதா, மேலறை வீங்கியிருக்கிறதா, பெருஞ்சிரை சுருங்க மறுக்கிறதா... இவற்றை மூன்று வகையாகப் பிரித்து, இரண்டு வகையிலாவது சாட்சி வேண்டும் என்கிறார்கள்.

கத்தீட்டர் எல்லா ஊரிலும் கிடைக்காது என்பது எக்கோவை அவசரமாக எடுக்கக் காரணம் ஆகாது. கத்தீட்டர் தூரத்தில் இருக்கும் ஊரில்தான் எக்கோ இன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும். தப்பாக அனுப்பினால் ஒரு குடும்பத்தின் பஸ் செலவும் கூலியும் போகும். அனுப்பாமல் விட்டால், நான்காவது குழுவைச் சேர்ந்த ஒருவர், ஆபரேஷனால் குணமாகக்கூடிய ஒருவர், "மைல்ட்" என்ற சொல்லோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் இது: தெரியாததைத் தெரியாது என்று எழுத நேரமே ஆகாது. "கசிவு சிக்னல் போதவில்லை, அழுத்தம் கணிக்க இயலவில்லை." ஒரே வரி. பொய்க்கு ஆகும் அதே நேரம்.

ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை

1. கசிவின் வேகம், சிக்னல் தெளிவா மங்கலா என்ற குறிப்போடு.
2. வாய்ப்பு: குறைவு, நடுத்தரம், அதிகம். மைல்ட், மாடரேட் வேண்டாம்.
3. வலது கீழறை: அளவு, டாப்ஸி, இன்னும் ஓர் அளவீடாவது.
4. இடது பக்கம்: ஈரிதழ் வால்வு, இடது மேலறை, இடது கீழறை விறைத்திருக்கிறதா என்பது. காரணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.
5. "பி.ஏ.ஹெச்." என்ற சொல் இருக்கவே கூடாது. அதைச் சொல்லும் தகுதி கத்தீட்டருக்கும் முழுப் பரிசோதனைக்கும்தான்.

இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் நாளை இதே ரிப்போர்ட்களைப் படிப்பார்கள், சிலர் எழுதவும் செய்வார்கள். "மைல்ட் பி.ஏ.ஹெச்." என்று கையில் வந்தால், மருந்துச் சீட்டை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டால் போதும். வேகம் எவ்வளவு? வலது கீழறை எப்படி? இடது பக்கம் என்ன? மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் பதில் இல்லை என்றால், அந்தப் பெண்மணிக்கு எக்கோ இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.